ஆறாம் பிரிவு, இரண்டாம் வரி

உறைபெட்டியின் மூன்றாம் தட்டில்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பால்பற்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை.
உறை மேல் பெயர் கிடையாது, எண்தான்.

ரௌத்தாலஹ்தியில் ஈயம் உருக்கும் ஆலை
இரவும் பகலும் ஓடிய காலத்தில்
முதல் வகுப்புப் பிள்ளைகள் கழற்றிக் கொடுத்தவை.
பல்லுக்கு ஒரு பென்சில் என்று பேச்சு.
பென்சில் ஆசையில் சிலர்
ஆடாத பல்லையும் ஆட்டிப் பார்த்தார்களாம்.

அப்புறம் ஏழு வருடத்துக்கு ஒரு தரம்
ஒரு கடிதம், ஒரு நாற்காலி, ஒரு ஊசி.
உயரம். எடை. சிறுநீர்.
நான் சொல்லும் எண்களைத் திருப்பிச் சொல்லுங்கள்:
நாலு, ஒன்பது, இரண்டு.
எத்தனை வேலை மாறினீர்கள்,
ராத்திரியில் எத்தனை முறை எழுகிறீர்கள்.

நாற்பத்திரண்டாம் வருடம் வரைபடம் வந்தது.
கோடு நல்ல பிள்ளையாய்ப் படுத்திருந்தது.
நகராட்சியில் எல்லோரும் மூச்சு விட்டோம்.
'அச்சப்பட ஏதுமில்லை' என்று
குறிப்பு எழுதியது நான்தான்.
கையெழுத்துக்கு வைத்துவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். மீன் சூப்.

நர்ஸ் துவோவி ஒற்றைத் தாளோடு வந்தாள்.
"வந்தவர்களைத்தானே அளந்திருக்கிறோம்" என்றாள்.
"வராதவர்கள் முந்நூற்று ஆறு பேர்.
அவர்கள் பல் மட்டும் நம்மிடம் இருக்கிறது."

அந்தக் குளிர்காலம் முழுக்க
துருப்பிடித்த ஸ்கோடாவில் சுற்றினாள்.
இறந்துபோனவர்கள் நாற்பத்தொரு பேர்.
ஸ்வீடன் போனவர்கள், சிறைக்குப் போனவர்கள்,
கடிதங்களைப் பிரிக்காமலே
ரொட்டி டப்பாவில் அடுக்கி வைத்திருந்தவர்கள்.

318, படகுத்துறைக்குப் பின்னால்
சக்கரம் கழன்ற வண்டிவீட்டில் இருந்தான்.
பெயர் வெய்யோ.
பாதிக் கதவைத் திறந்து சொன்னான்:
"பல் கொடுத்தேன். ரத்தமும் கொடுத்தேன், ஒரு தரம்.
நீங்கள் கொடுத்தது ஒரு பென்சில்.
அதை வைத்து
என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை."

அவள் பதில் சொல்லவில்லை.
பனி அப்பிய படியில் உட்கார்ந்து
பிளாஸ்கைத் திறந்தாள்.
காப்பி ஆறும் முன் அவன் வெளியே வந்தான்,
சட்டைக் கையை மடித்துக்கொண்டு.
விரல்களில் நடுக்கம். சிறுநீரகம் பாதி போயிருந்தது.

"நாலு, ஒன்பது, இரண்டு" என்றாள்.

"நாலு" என்றான்.
கடலைப் பார்த்தான். உறைந்து கிடந்தது.
"நாலு."

முந்நூற்று ஆறு பேரில்
நூற்று எழுபது பேர் கிடைத்தார்கள்.
அவர்களையும் செத்தவர்களையும் சேர்த்ததும்
படுத்திருந்த கோடு
எழுந்து உட்கார்ந்தது.

எண்ணுவது என்ற சொல்லுக்கு
இரண்டு வேலை.
இத்தனை வருடச் சம்பளத்தில்
ஒன்றைத்தான் செய்திருக்கிறேன்.
கோப்பிலிருந்து என் குறிப்பை உருவி எடுத்தேன்.

கூட்டத்தில் சண்டை லாரி வாடகையைப் பற்றி.
ஆலைதான் மூடியாகிவிட்டதே என்றார் ஒருவர்.
சுகாதார ஆய்வாளர், பேசத் தெரியாத மனிதர்,
பள்ளித் திடலின் மண்ணை
ஜாம் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.
மேசை மேல் வைத்தார்.
வாக்கெடுப்பு முடியும்வரை
ஒருவரும் தங்கள் காப்பிக் கோப்பையை
அதன் பக்கத்தில் வைக்கவில்லை.
ஒன்பதுக்கு எட்டு.

ஆறாம் பிரிவு, இரண்டாம் வரி:
குழந்தைகள் விளையாடும் இடங்களில்
மேல்மண் அரை மீட்டர் ஆழத்துக்கு அகற்றப்படும்;
இரண்டு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும்
ரத்தத்தில் ஈயம் பார்க்கப்படும், கட்டணமின்றி.

அதில் யார் பெயரும் இல்லை.
பல், பென்சில், ரொட்டி டப்பா எதுவுமில்லை.
எழுதியவன் சொல்கிறேன், இடமும் இல்லை.

மே மாதம் லாரிகள் வந்தன.
சன்னல் அதிர அதிர
துவோவி கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
வாசலில் ஒரு ஆள்.
கையில் கத்தையாகக் கடிதங்கள்,
நாற்பது வருடத்தவை, ஒன்றுகூடப் பிரிக்காதவை.

"படிக்கச் சொல்லாதே" என்றான்.
"அளந்துகொள்."